ஆணிமேல் உட்கார்ந்த குருவி

1

1906-07 வாக்கில் பம்பாய் கேத்வாடியில் நடந்தது இது. வீட்டு வண்டி நிறுத்தும் இடத்தில், சுவர்ப்பொந்து ஒன்றில் சிட்டுக்குருவி கூடு வைத்திருந்தது. பெட்டை உள்ளே அடைகாத்தது. பொந்து வாசலுக்கு அருகே அடித்திருந்த ஓர் ஆணியின் மேல் சேவல் காவலாக உட்கார்ந்திருந்தது. பத்து வயதுப் பையன் ஒருவன் வண்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, தன் காற்றுத் துப்பாக்கியால் சேவலைச் சுட்டான். சிறிது நேரத்தில் இன்னொரு சேவல் அதே ஆணியில் வந்து உட்கார்ந்தது. அதையும் சுட்டான். மறுபடியும் ஒன்று வந்தது. இப்படி ஏழு நாட்களில் எட்டுச் சேவல்கள். ஒவ்வொரு முறையும் பெட்டைக்கு வேறொரு துணை தயாராக இருந்ததைப் பையன் கவனித்தான். கவனித்ததைக் குறிப்பாகவும் எழுதிவைத்தான்.

பையன் பெயர் சாலிம் அலி. பிற்காலத்தில் இந்தியப் பறவையியல் என்றாலே நினைவுக்கு வரும் பெயர். 1985இல் வெளிவந்த தன்வரலாற்றில் இந்தக் குறிப்பையும் அவர் சேர்த்திருக்கிறார்.

இதை நான் முதலில் படித்தபோது எனக்கு உண்டான சங்கடம் சாதாரண ஜீவகாருண்யம் அல்ல. குறிப்பு நன்றாக இருந்தது; அதுதான் சங்கடம். அனாவசியமான சொல் ஒன்று கிடையாது. இடம், செயல், எண்ணிக்கை, அதிலிருந்து பெறப்படுவது, அவ்வளவுதான். ஊருக்குள் ஜோடி கிடைக்காத சேவல்கள் எப்போதும் கொஞ்சம் காத்திருக்கின்றன, காலி இடம் ஏற்பட்டால் உடனே நிரப்பிக்கொள்கின்றன என்ற உண்மை அந்தச் சில வரிகளில் இருக்கிறது. ஆனால் அந்த உண்மை தெரியவேண்டுமென்றால் எட்டுச் சேவல்கள் விழவேண்டியிருந்தது. பார்த்தலும் கொல்லுதலும் ஒரே காரியமாக இருந்த காலம் அது. அவை இரண்டும் எப்படிப் பிரிந்தன, உண்மையிலேயே பிரிந்துவிட்டனவா என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

2

சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டின் பறவை சாஸ்திரம் தோல்களின் சாஸ்திரம். பறவையைச் சுட்டு, உரித்து, பஞ்சடைத்து, காலில் சீட்டுக் கட்டி, இழுப்பறையில் அடுக்கினால்தான் அது 'தெரிந்த' பறவை. இந்தியாவில் இதன் சிகரம் ஆலன் ஆக்டேவியன் ஹ்யூம். 1885இல் காங்கிரஸ் மகாசபையைத் தொடங்கியவர்களில் ஒருவராகத்தான் நம்மில் பலருக்கு அவரைத் தெரியும். தோல்கள், முட்டைகள், கூடுகள் என்று ஏறத்தாழ 82,000 உருப்படிகள் அவர் சிம்லா வீட்டிலிருந்து பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போயின. 1872இல் அவர் ஒரு பத்திரிகையும் ஆரம்பித்தார். 'ஸ்ட்ரே ஃபெதர்ஸ்' என்று பெயர், சிதறிய இறகுகள். சிலபேர் எழுதி, அந்தச் சிலபேரே படித்து, ஆசிரியர் தலையில் விடிந்த பத்திரிகை. அந்த ஜாதிப் பத்திரிகையை நமக்குத் தெரியும்.

இந்தியப் பறவைகளைப் பற்றி ஒரு பெரிய நூல் எழுத ஹ்யூம் பல வருஷங்களாகச் சேர்த்துவைத்திருந்த குறிப்புகளை, அவர் சிம்லாவில் இல்லாத ஒரு குளிர்காலத்தில், வேலைக்காரன் ஒருவன் கடைத்தெருவில் பழைய காகிதமாக எடைக்குப் போட்டுவிட்டான். தோல்கள் மிஞ்சின; எழுத்து பொட்டலம் மடிக்கப் போயிற்று. அதற்குள் ஹ்யூமின் மனசும் மாறிக்கொண்டிருந்தது. பிரம்மஞான சங்கத்தின் சகவாசத்தில் மாமிசத்தை விட்டார்; பறவைகளைச் சுடுவதையும் விட்டார். விட்ட பிறகு பறவை சாஸ்திரத்தில் அவருக்கு வேலை இல்லாமல் போயிற்று. சுடாமல் எப்படித் தொடர்வது என்பதற்கு அன்று அவர் முன்னால் வழி இருக்கவில்லை.

வழி வேறு இடங்களில், சிறு அளவில், உண்டாகிக்கொண்டிருந்தது. அமெரிக்காவில் ஃப்ளாரன்ஸ் மெரியம் என்ற இளம்பெண், பெண்களின் தொப்பியில் இறகையும் முழுப் பறவையையுமே செருகும் நாகரிகத்தை எதிர்த்துக் கல்லூரி நாளிலேயே கிளம்பியவர். நாடகம் பார்க்கக் கொண்டுபோகும் சிறு கண்ணாடியை வைத்துக்கொண்டு தோட்டத்துப் பறவைகளைப் பார்ப்பது எப்படி என்று 1889இல் ஒரு புத்தகம் எழுதினார். இங்கிலாந்தில் எட்மண்ட் செலூஸ் 1901இல் எழுதிய நூலின் தலைப்பே 'பறவை பார்த்தல்'. இவருடைய அண்ணன் ஃப்ரெடரிக் செலூஸ் ஆப்பிரிக்காவின் பிரசித்திபெற்ற வேட்டைக்காரர். தம்பியும் ஆரம்பத்தில் சுட்டுச் சேகரித்தவர்தான். பிறகு துப்பாக்கியை வைத்துவிட்டு, ஒரே பறவையை மணிக்கணக்கில் பார்த்து, பார்த்த மாத்திரத்தில் எழுதுவது என்ற பழக்கத்துக்கு வந்தார். செத்த பறவை தன் நிறத்தையும் அளவையும் சொல்லும். அது என்ன செய்தது, ஏன் செய்தது என்பதைச் சொல்லாது. செலூஸின் வாதம் கருணையை மட்டும் நம்பியதல்ல. சுடுகிறவன் அரைகுறையாகத்தான் தெரிந்துகொள்கிறான் என்பதும் அதில் சேர்ந்தது.

சாலிம் அலிக்கே இது 1930இல் நேர்ந்தது. பம்பாய்க்கு எதிர்க்கரையில் கிஹிம் என்ற கடலோர கிராமம். வேலை இல்லை, வருமானம் இல்லை. பக்கத்தில் தூக்கணாங்குருவிகளின் குடியிருப்பு ஒன்று. மாதக்கணக்கில் மறைவில் உட்கார்ந்து பார்த்தார். சேவல் கூட்டைப் பாதி கட்டுகிறது. பெட்டை வந்து உள்ளே நுழைந்து பரிசோதிக்கிறது. பிடித்தால் தங்குகிறது. அதற்குப் பிறகே சேவல் கூட்டை முடிக்கிறது. முடித்ததும் பக்கத்திலேயே இன்னொரு கூட்டைத் தொடங்கி வேறொரு பெட்டைக்குக் காத்திருக்கிறது. அதுவரை அந்தக் குருவியைப் பற்றி எழுதப்பட்டிருந்தவற்றை இது மாற்றிப்போட்டது. கேத்வாடியில் எட்டு உயிரைச் செலவழித்துத் தெரிந்ததைவிட, கிஹிமில் உட்கார்ந்தே தெரிந்தது அதிகம்.

இதோடு துப்பாக்கி போயிற்று, கண்ணாடி வந்தது என்று சரித்திரத்தை நேர்க்கோடாக்கிவிட முடியாது. அதற்குப் பிறகும் ஹைதராபாத்திலும் திருவாங்கூர்-கொச்சியிலும் நடத்திய கணக்கெடுப்புகளில் சாலிம் அலி தோல்கள் சேகரித்தார். விஞ்ஞானத்துக்காகச் சுடுவதை அவர் தவறென்று கருதியதில்லை. 1941இல் வந்த அவருடைய 'இந்தியப் பறவைகள்' கையேடு எத்தனையோ பேரைத் துப்பாக்கி இல்லாமல் பார்க்க வைத்தது. ஆனால் அதுபோன்ற எந்தக் கையேட்டின் படத்துக்கும் பின்னால், எங்கோ ஓர் இழுப்பறையில், சீட்டுக் கட்டிய கால்கள் இருக்கின்றன. நம் நிராயுதபாணிப் பார்வை அந்தக் கடனின் மேல்தான் நிற்கிறது.

3

கேத்வாடிக் குறிப்பைப் படித்த நாட்களில் எனக்குக் குறுந்தொகையின் இரண்டு பாட்டுகள் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தன. காரணம், இரண்டிலும் அதே குருவி.

46ஆம் பாட்டு, மாமலாடனார். குருவி முற்றத்தில் உலரும் தானியத்தைத் தின்கிறது. பொதுவிடத்து எருவின் புழுதியில் குடைந்தாடுகிறது. பிறகு வீட்டு இறப்பில் குஞ்சுகளோடு தங்குகிறது. சிட்டுக்குருவியின் ஒரு நாள் இதுதான். இன்றைக்குக் கண்ணாடியும் நோட்டுமாக உட்கார்ந்தாலும் இதையேதான் எழுதவேண்டியிருக்கும். 85ஆம் பாட்டு, வடம வண்ணக்கன் தாமோதரன். கருவுற்ற பெட்டை முட்டையிடுவதற்கு இடம் தயாரிக்க, சேவல் கரும்பின் மணமில்லாத பூவைக் கோதி எடுக்கிறது. அதன் நடைகூடக் குறிக்கப்பட்டிருக்கிறது. குருவி கால் மாற்றி நடப்பதில்லை, தத்துகிறது.

கேத்வாடியில் ஆணிமேல் உட்கார்ந்ததும் இங்கே பூக் கோதுவதும் ஒரே சேவல். இதைக்கொண்டு பழந்தமிழன் அகிம்சாவாதி என்று யாரும் மார்தட்ட வேண்டாம். அவன் கண்ணி வைத்துப் பிடித்துத் தின்றவன். கிளியைக் கூண்டில் வைத்தவன். நான் பார்ப்பது வேறு. இந்த இரண்டு பாட்டிலும் குருவி அலங்காரத்துக்கு வரவில்லை. ஒன்றில், பிரிந்துபோனவனின் நாட்டில் மாலைப்பொழுதும் தனிமையும் கிடையாதோ என்று கேட்கிறவளுக்கு அது சாட்சி. இன்னொன்றில், வீட்டை விட்டுப் போனவனின் நற்குணத்தைப் பாணன் வாய்தான் சொல்கிறது என்று கதவடைக்கிற தோழிக்குச் சாட்சி. சேவல் பெட்டைக்காக இப்படி உழைப்பது உண்மையாக இருந்தால்தான் அவள் கோபத்துக்குப் பலம். குருவியைத் தப்பாகப் பார்த்திருந்தால் கவிதையே விழுந்துவிடும்.

நம்முடைய புதுக்கவிதைகளில் 'பறவை' என்று ஒரு பறவை இருக்கிறது. அதற்கு நிறம் இல்லை, குரல் இல்லை, இரை இல்லை. அது வானத்தில் இருக்கும், சிறகு இருக்கும், கடைசி வரியில் பறந்துபோகும், அல்லது ஓர் இறகை உதிர்க்கும். நானும் எழுதியிருக்கிறேன். இந்தப் பறவைக்கு எந்த ஆபத்தும் இல்லை. பூனை பிடிக்காது, கண்ணாடியில் மோதாது. அதனாலேயே அதன்மேல் யாருக்கும் எந்தப் பொறுப்பும் இல்லை.

4

இனி என் சொந்த விஷயம். சில வருஷங்களுக்கு முன் ஒரு பங்குனியில், எங்கள் கொல்லைப்புறத்துக் கிணற்றடியை ஒட்டிய மல்லிகைக் கொடியில் கொண்டைக்குருவி கூடு கட்டியது. பின்புறம் சிவப்புத் திட்டுள்ள சாதாரணக் கொண்டைக்குருவிதான்; மூங்கில் வேலியும் கொடியும் உள்ள எந்த வீட்டிலும் வரும். காய்ந்த குச்சியும் வேரும் வைத்து, சிலந்தி வலையால் இழுத்துப் பின்னிய கிண்ணம். மூன்று முட்டைகள், இளஞ்சிவப்பில் செம்பழுப்புப் புள்ளிகள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஓர் இதழின் புரூஃப் பார்க்க நண்பர்கள் மூன்று பேர் வந்திருந்தார்கள். நான் பெருமையோடு அவர்களைக் கொல்லைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கொடியை விலக்கிக் காட்டினேன். ஒருவர் இன்னும் கொஞ்சம் விலக்கிப் போட்டோ எடுத்தார். பறவைகள் இரண்டும் மதில்மேல் உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தன. அவற்றின் பதற்றத்தையும் நாங்கள் ரசித்தோம் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஒருவர் அதன் தாளத்தைப் பற்றிக்கூட ஏதோ சொன்னார். விலக்கிய கொடி திரும்பப் பழைய இடத்துக்கு வரவில்லை. மறுநாள் காலையில் அந்த இடைவெளி வழியாகக் காகம் இறங்கிக்கொண்டிருந்தது. நான் கையைத் தட்டிக்கொண்டு ஓடியபோது கூடு சாய்ந்திருந்தது. துப்பாக்கி இல்லாமல் மூன்று முட்டைகள்.

காகத்தின்மேல் எனக்குக் கோபம் இல்லை. காகம் நன்றாகப் பார்க்கத் தெரிந்த பறவை. மனிதர்கள் எங்கே கூடி நின்று எட்டிப் பார்க்கிறார்கள் என்பதையும் அது பார்க்கிறது. கூட்டைக் காட்டிக்கொடுத்தது நான்.

5

அதற்குப் பிறகுதான், கண்ணாடி எடுத்தவர்களின் கதை எப்படித் தொடர்ந்தது என்று தேட ஆரம்பித்தேன். அன்பின் சரித்திரமும் அப்பழுக்கற்றதாக இல்லை.

மேற்கு அமெரிக்காவில் வீட்டோரங்களில் வாழும் 'ஹவுஸ் ஃபிஞ்ச்' என்ற குருவி நன்றாகப் பாடும். சேவலுக்குத் தலையும் மார்பும் சிவப்பு. இதைப் பிடித்து நியூயார்க் கடைகளில் 'ஹாலிவுட் ஃபிஞ்ச்' என்று பெயர் வைத்துக் கூண்டோடு விற்றார்கள். அது சட்டவிரோதம் என்ற பேச்சு வந்ததும், 1940இல், பயந்துபோன வியாபாரிகள் லாங் ஐலண்டில் பறவைகளைத் திறந்துவிட்டார்கள். அவை பிழைத்து, பெருகி, சில பத்தாண்டுகளில் கிழக்கு அமெரிக்கா முழுவதும் பரவின. ஜனங்கள் பிரியமாகத் தொங்கவிட்ட தீனிப்பெட்டிகளுக்குக் கூட்டமாக வந்தன. 1994இன் தொடக்கத்தில் வாஷிங்டன் பக்கத்துத் தோட்டங்களில் இந்தக் குருவிகள் கண் வீங்கி மூடி, பார்வையில்லாமல் தீனிப்பெட்டியிலேயே உட்கார்ந்திருந்ததை வீட்டுக்காரர்கள் கண்டார்கள். கோழிகளைத் தாக்கும் ஒரு கிருமி குருவிக்குத் தாவியிருந்தது. ஒரே தீனிப்பெட்டியில் பல தலைகள் மாறி மாறி நுழைந்தது அதற்கு வசதியாயிற்று. சில வருஷங்களில் அது கிழக்குப் பகுதி முழுவதும் போய்ச்சேர்ந்தது.

பிரிட்டனில் இதே கதை 2005க்குப் பிறகு. புறாக்களிடம் இருந்த ஓர் ஒட்டுண்ணி 'கிரீன்ஃபிஞ்ச்' என்ற பச்சைக் குருவியின் தொண்டைக்குள் போனது. நோய் கண்ட பறவையால் விழுங்க முடியாது. வாயில் நனைந்த தானியத்தை அது உதிர்க்க, அடுத்தது வந்து பொறுக்கும். தோட்டங்களில் எங்கும் இருந்த அந்தக் குருவி 2021இல் அந்நாட்டின் சிவப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. தீனி போட்டவர்கள் கெட்டவர்கள் அல்ல. தட்டைக் கழுவவில்லை, அவ்வளவுதான்.

பறவையைப் பார்க்கத்தான் ஜன்னலுக்குப் பெரிய கண்ணாடி போடுகிறோம். கண்ணாடியில் தெரியும் மரத்தைப் பறவை மரம் என்றே நம்பிப் பறக்கிறது. கட்டிடங்களில் மோதி அமெரிக்காவில் மட்டும் வருஷத்துக்கு 36.5 கோடியிலிருந்து 98.8 கோடிப் பறவைகள் வரை சாவதாக 2014இல் வந்த ஒரு மதிப்பீடு சொல்கிறது. அதில் ஏறக்குறைய பாதி வானளாவிய கோபுரங்களில் அல்ல, சாதாரண வீடுகளில். அதே நாட்டில் பூனைகள் கொல்வது வருஷத்துக்கு 130 கோடியிலிருந்து 400 கோடி வரை என்று 2013இல் கணக்கிட்டார்கள். ஹ்யூமின் 82,000 இதன் பக்கத்தில் சின்ன எண். அவர் சுட்ட ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பார்த்தார். நாம் கொல்வதை நாம் பார்ப்பதேயில்லை.

நம் பக்கத்தில் 1972ஆம் வருஷத்து வனஉயிர்ச் சட்டமும், 1990-91இல் இந்தியப் பறவைகளின் வியாபாரத்துக்கு வந்த தடையும் சில்லைகளுக்குச் சாயம் பூசிக் கூண்டில் விற்கும் தொழிலை ஒடுக்கின, ஒழித்துவிடவில்லை. கொல்லைப்புறத்துக்குள் சட்டம் அவ்வளவாக வருவதில்லை. அங்கே புலம்பல் வரும். சிட்டுக்குருவி அழிந்துவிட்டது, கைபேசிக் கோபுரம்தான் காரணம் என்று சொல்லாதவர் இல்லை. 15,500க்கும் மேற்பட்ட சாதாரணப் பார்வையாளர்கள் எழுதிவைத்த ஒரு கோடிக்கும் அதிகமான குறிப்புகளைக்கொண்டு 2020இல் ஓர் அறிக்கை வந்தது. பெரு நகரங்களில் குருவி குறைந்திருக்கிறது, நாடு முழுவதுமாகப் பார்த்தால் ஏறக்குறைய நிலையாக இருக்கிறது என்றது அது. கோபுரக் கதைக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. புலம்புகிறவனுக்கு வெளியே போய் எண்ணிப் பார்க்கத் தோன்றுவதில்லை. எண்ணியவர்கள் பெரும்பாலும் பெயர் தெரியாதவர்கள். ஒரு நாள், ஒரு இடம், ஒரு பறவை, எத்தனை என்று எழுதியவர்கள். கேத்வாடிப் பையனின் நடை அவர்களிடம் இருக்கிறது. துப்பாக்கி மட்டும் இல்லை.

6

கொல்லைப்புறத்தில் என்ன செய்யலாம் என்றால், சொல்லக் கொஞ்சந்தான் இருக்கிறது. தண்ணீர் வைத்தால் ஆழமில்லாத மண்சட்டியில் வைத்து, தினமும் கொட்டித் தேய்த்துக் கழுவி மாற்றவேண்டும். தீனி வைத்தாலும் அப்படியே. நோய் கண்ட பறவை ஒன்று தென்பட்டால் சில வாரங்களுக்கு எடுத்துவிட வேண்டும். வீட்டுப் பூனை காலையிலும் அந்தியிலுமாவது உள்ளே இருக்கட்டும். மோதும் ஜன்னலுக்கு வெளிப்புறத்தில் ஐந்து சென்டிமீட்டர் இடைவெளியில் புள்ளியோ கயிறோ வேண்டும். ஒற்றைப் பருந்துப் படம் ஒட்டிப் பிரயோசனம் இல்லை. பறக்கத் தெரியாமல் தரையில் தத்தும் இறகு முளைத்த குஞ்சு அநேகமாக அனாதை அல்ல. தாய் பக்கத்தில்தான் இருக்கும், நாம் நகர்வதற்காகக் காத்துக்கொண்டு. பறவையின் குரலைக் கைபேசியில் போட்டு அதை வெளியே வரவழைக்கக் கூடாது. தன் இடத்தில் எதிரி வந்துவிட்டான் என்று நம்பித்தான் அது வருகிறது. கூட்டை நெருங்கக் கூடாது, கிளையை விலக்கக் கூடாது, யாருக்கும் காட்டக் கூடாது.

கடைசியாகச் சொன்னது எனக்குக் கஷ்டமானது. பார்த்ததை இன்னொருவருக்குக் காட்டவேண்டும் என்ற நமைச்சல் இல்லாவிட்டால் நான் எழுதுகிறவனாக இருக்கமாட்டேன். இந்தப் பத்திரிகையும் இருக்காது.

இந்தப் பங்குனியில் கிணற்றடிக்கும் முருங்கைக்கும் நடுவே கட்டியிருந்த துணிக்கொடியைக் காணவில்லை. அம்மா அதை அவிழ்த்து மாடிப்படிக்குப் பக்கத்தில் கட்டியிருந்தாள். எழுபத்தெட்டு வயதில் ஈரத்துணியைத் தூக்கிக்கொண்டு நான்கு படி ஏறுகிறாளே என்று கேட்டேன்.

"மல்லிகையிலே குருவி வெச்சிருக்கு. ஒரு வாரமாச்சு."

"ஏம்மா எங்கிட்டே சொல்லலை?"

"சொன்னா நீ போய் எட்டிப் பார்ப்பே. பார்த்துட்டு நாலு பேரைக் கூட்டிட்டு வருவே."

சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தேன். மதில்மேல் ஒன்று வந்து உட்கார்ந்தது. வாயில் பச்சைப் புழு. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் கொடிக்குள் போயிற்று. கொஞ்ச நேரத்தில் வெறும் வாயோடு வெளியே வந்தது. நோட்டை எடுத்துத் தேதி போட்டு எழுதினேன்: கொண்டைக்குருவி, இரண்டு. காலை 7.10 முதல் 7.40 வரை ஆறு தடவை இரை. குஞ்சு எத்தனை என்ற இடத்தைக் காலியாக விட்டேன்.